செல் எப்போது பிரியும், எப்போது நிற்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். செல் பிரிதல் பாடம் வந்துவிட்டால் வகுப்பு முடிந்தும் பிள்ளைகள் கிளம்ப மாட்டார்கள். அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும் தாத்தாக்களும் வாசலில் நின்றபடியே ஒன்றிரண்டு கேட்பார்கள். பெரும்பாலும் வீட்டில் யாருக்கோ வந்த நோயை ஒட்டிய கேள்வியாக இருக்கும். திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள் வருவதால், அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டுப் பதிலை இங்கே எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும். இது பாடம் மட்டும்தான். உடம்பில் ஏதாவது சந்தேகம் இருந்தால் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.

செல் வளர்றதும் செல் பிரியறதும் ஒண்ணுதானே டீச்சர்?

இல்லை. ஒரு செல் அளவில் பெருப்பது வளர்ச்சி. ஒன்று இரண்டாவது பிரிதல். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கும். செல் முதலில் ஏறக்குறைய இரு மடங்காகப் பெருத்து, அப்புறம் பிரியும். அப்படிப் பெருக்காமல் பிரிந்துகொண்டே போனால் ஒவ்வொரு தலைமுறையும் பாதிப் பாதியாகச் சிறுத்துவிடும்.

ஆனால் உடம்பு இந்த இரண்டையும் தனித்தனியாகவும் நடத்தும். கருவுற்ற முட்டை முதல் சில நாட்கள் பெருக்காமலே பிரிகிறது. அதனால்தான் அத்தனை செல் உண்டான பிறகும் கரு முட்டையின் அளவிலேயே இருக்கிறது. ஜிம்முக்குப் போகிற பையனின் கையில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே தசைநார்கள் பிரிந்து பெருகுவதில்லை, இருக்கிற நார்களே தடிக்கின்றன.

செல்லின் அளவைக் கவனிக்கும் முக்கியமான புரதத்துக்கு எம்டார் என்று பெயர். அமினோ அமிலம், ஆற்றல், இன்சுலின் எல்லாம் போதுமான அளவு இருந்தால் இது புரத உற்பத்தியைக் கூட்டிவிடும், குறைந்தால் அடக்கிவிடும். இதைக் கண்டுபிடிக்கக் காரணமாக இருந்தது ராபமைசின் என்ற மருந்து. 1964ல் ஈஸ்டர் தீவிலிருந்து எடுத்துவந்த மண்ணில் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவிடமிருந்து அது கிடைத்தது.

நம்ம உடம்புல எவ்ளோ செல்லு இருக்கு? எல்லாமே பிரிஞ்சுக்கிட்டே இருக்குமா?

வளர்ந்த ஓர் ஆளின் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் உண்டு. எண்ணிக்கையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சிவப்பு ரத்த அணுக்கள். அவற்றுக்கு உட்கரு கிடையாது, பிரியவும் முடியாது. சுமார் 120 நாள் ஓடிவிட்டு அழிந்துபோகும். எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் 20 லட்சத்துக்கும் மேல் புதிதாகச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

மற்ற செல்கள் இடத்துக்கு இடம் மாறும். குடலின் உள்பக்கத் தோல் மூன்று முதல் ஐந்து நாளில் புதிதாகிவிடுகிறது. ஈரல் செல் சும்மா இருக்கும், தேவை வந்தால் மட்டும் பிரியும். மூளையின் நரம்பு செல்களில் பெரும்பாலானவை பிறந்த பிறகு பிரிவதே இல்லை. இதயத் தசையும் ஏறக்குறைய அப்படித்தான். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன் 14, செல்லின் மரபுச் செய்தியைத் தாங்கும் டிஎன்ஏவிலும் பதிந்திருந்தது. அதை அளந்தால் செல் எப்போது உண்டானது என்று தெரியும். அப்படி அளந்து, 25 வயதில் இதயச் செல்களில் ஆண்டுக்கு 1 விழுக்காடுதான் புதிதாகிறது என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2009ல் காட்டினார்கள். 75 வயதில் அது அரை விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. மாரடைப்பில் செத்த தசை திரும்பி வராததற்குக் காரணம் இதுதான்.

ஒரு செல் எப்போ பிரியணும்னு அதுக்கு யாரு சொல்றது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மனித செல் தானாக முடிவெடுத்துப் பிரிவதில்லை. சும்மா இருப்பதுதான் அதன் இயல்பான நிலை. தோட்டத்தில் பெரட்டுக்கு நிற்கிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் சாமான் இருக்கும், உடம்பில் தெம்பு இருக்கும், ஆனால் பெயர் கூப்பிட்டு எந்த நிரை என்று சொன்னால்தான் வேலைக்கு இறங்குவார். செல்லைக் கூப்பிடுவது வளர்ச்சிக் காரணிகள் என்ற சின்னச் சின்னப் புரதங்கள். பக்கத்து செல்களும், ரத்தத்தை உறையவைக்கும் ரத்தத் தட்டுகளும் அவற்றை வெளியே விடும். அவை செல்லின் மேல்சவ்வில் செய்தியை வாங்க இருக்கும் ஏற்பியில் வந்து ஒட்டும்போது, உள்ளே ராஸ் போன்ற புரதங்கள் ஒன்றை அடுத்து ஒன்றாகத் தூண்டப்பட்டு, செய்தி உட்கரு வரை போய்ச் சேரும்.

ஸ்டான்லி கோஹன் இப்படிப்பட்ட ஒரு காரணியைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசியில் ஏற்றியபோது, வழக்கமாக இரண்டு வாரம் கழித்துத் திறக்கும் கண் ஒரு வாரத்திலேயே திறந்துகொண்டது. இமைத்தோல் அவ்வளவு வேகமாக வளர்ந்துவிட்டது. நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லேவி மொன்டால்சினியோடு அவர் 1986ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கூப்பிட்டால் மட்டும் போதாது. சாப்பாடு இருக்க வேண்டும். ஒட்டிக்கொள்ள இடம் வேண்டும்; பெரும்பாலான செல்கள் தளத்தை விட்டு மிதந்தால் பிரிவதில்லை. இன்னொன்றும் உண்டு, இதைக் கேட்டால் பிள்ளைகள் அதிர்ந்துபோவார்கள்: உயிரோடு இருப்பதற்கே செல்லுக்குச் சுற்றிலுமிருந்து செய்தி வந்துகொண்டிருக்க வேண்டும். அது நின்றால் செல் தன்னைத் தானே ஒழுங்காகக் கலைத்துக்கொண்டு செத்துவிடும். கருவில் விரல்களுக்கு நடுவே இருக்கும் சவ்வு மறைவது இப்படித்தான். ஒரு சின்னப் புழுவின் வளர்ச்சியில் உண்டாகும் 1090 செல்களில் சரியாக 131 செத்துப்போகின்றன. எல்லாப் புழுவிலும் அதே 131. இதை ஆராய்ந்த மூவருக்கு 2002ல் நோபல் கிடைத்தது.

ஜி1, எஸ், ஜி2, எம்முன்னு மனப்பாடம் பண்றோம். உள்ள என்னதான் நடக்குது?

ஜி1ல் செல் பெருக்கிறது, வெளியிலிருந்து வரும் செய்தியைக் கேட்கிறது. எஸ் கட்டத்தில் டிஎன்ஏ முழுவதையும் நகலெடுக்கிறது. ஒரு செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர், அதில் 600 கோடிக்கும் மேல் எழுத்துகள். ஜி2ல் சரிபார்ப்பு நடக்கிறது. எம் கட்டத்தில் பிரிகிறது. ஆய்வுக்கூடத்தில் வேகமாகப் பிரியும் மனித செல்லுக்கு ஒரு சுற்று சுமார் 24 மணி நேரம். அதில் எஸ்ஸுக்கு 8 மணி நேரம் போல ஆகும், நீங்கள் படம் வரைந்து மனப்பாடம் செய்யும் எம் கட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஜி1 மட்டும்தான் செல்லுக்குச் செல் பெரிதாக மாறும். வேலைக்கு இறங்காமல் ஒதுங்கியிருக்கும் நிலையை ஜி0 என்பார்கள்.

சுற்றை நகர்த்துவது சிடிகே என்ற நொதிகள். அவை எப்போதும் செல்லுக்குள் இருக்கும், ஆனால் சைக்ளின் என்ற புரதம் வந்து சேர்ந்தால்தான் வேலை செய்யும். சைக்ளின் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, வேலை முடிந்ததும் சடாரென்று அழிக்கப்படும். கடல் முள்ளெலி என்ற கடல் பிராணியின் முட்டைகளில் ஒரு புரதம் இப்படிக் கூடுவதும் காணாமல் போவதுமாக இருப்பதை டிம் ஹன்ட் 1982ல் கவனித்தார். லீலண்ட் ஹார்ட்வெல் ரொட்டிக்குப் போடும் ஈஸ்டில் இதற்கான ஜீன்களை, அதாவது டிஎன்ஏவில் இந்தப் புரதங்களுக்கான குறிப்புகளை, தேடிப் பிடித்தார். பால் நர்ஸ் வேறொரு ஈஸ்டில் தேடினார். 1987ல் நர்ஸின் குழு, முக்கியமான ஜீன் பழுதான ஈஸ்டுக்குள் அதே வேலையைச் செய்யும் மனித ஜீனைப் போட்டது. ஈஸ்ட் பிழைத்துப் பிரிய ஆரம்பித்தது. நூறு கோடி ஆண்டுக்கு மேல் பிரிந்து கிடந்த இரண்டு உயிர்களுக்கும் அந்த இயந்திரம் ஒன்றாகவே இருந்திருக்கிறது. எத்தனை முறை பாடம் எடுத்தாலும் எனக்கு இந்த இடத்தில் மெய்சிலிர்க்கும். மூவருக்கும் 2001ல் நோபல்.

சோதனை நடக்கும் இடங்கள் முக்கியமாக மூன்று. ஜி1 முடிவில்: செய்தி வந்ததா, அளவு போதுமா, டிஎன்ஏ பழுதில்லாமல் இருக்கிறதா? இங்கே ஆர்பி என்ற புரதம்தான் செல்லைப் பிடித்து வைத்திருக்கும். ஜி2 முடிவில்: நகல் முழுசாக எடுத்தாயிற்றா? எம் கட்டத்தின் நடுவில்: டிஎன்ஏ சுருண்டு உண்டான எல்லாக் குரோமோசோமும் இரண்டு பக்கமும் இழுக்கும் இழையில் மாட்டிக்கொண்டதா? ஒன்று மாட்டாமல் நின்றாலும் மற்றதெல்லாம் காத்திருக்கும். டிஎன்ஏ பழுதானால் பி53 என்ற புரதம் செல்லை நிறுத்திவைத்துப் பழுது பார்க்க நேரம் கொடுக்கும், பழுது பெரிதாக இருந்தால் செல்லைச் சாகச் சொல்லும். ஆர்பி, பி53 என்ற இந்த இரண்டு பெயர்களையும் மறக்காதீர்கள், கீழே மறுபடி மறுபடி வரும்.

பால்மரம் வெட்டுன பட்டை திரும்ப வளருமே, அதுவும் இதே கதையா?

வகுப்பு வாசலில் இதைக் கேட்டவர் முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் பாலெடுக்க ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டிய ஒரு பாட்டி. அடிப்படையில் இதே கதைதான் பாட்டி. மரத்திலும் சைக்ளினும் சிடிகேயும் உண்டு.

உளி படும் இடத்தை வெளியிலிருந்து உள்ளே பார்த்தால், முதலில் காய்ந்த தோல், அப்புறம் கெட்டிப் பட்டை, அப்புறம் பால் குழாய்கள் நிறைந்த மெத்துப் பட்டை. அதற்கும் உள்ளே, கட்டையைத் தொடும் இடத்தில், கண்ணுக்குத் தனியாகத் தெரியாத மெல்லிய ஓர் அடுக்கு இருக்கிறது. கேம்பியம் என்பார்கள். மரம் பருமனாவது அங்கேதான். அந்த அடுக்கின் செல்கள் பிரிந்து உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் உண்டாக்கும். பால் நன்றாக வர உளி ஆழமாகப் போக வேண்டும், கேம்பியத்தைத் தொட்டுவிடவும் கூடாது. ஒரு மில்லிமீட்டர் போல விட்டு நிறுத்துவார்கள். அந்த அளவை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கை பழக்கத்தாலேயே பிடித்தவர்கள் நம் பாட்டிகள். உளி கேம்பியத்தில் பட்டால் அந்த இடத்தில் பிரிய வேண்டிய செல்லே இல்லாமல் போகும். ஓரத்து செல்கள் தாறுமாறாகப் பெருகி மூடும், பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், பின்னால் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. காயம் பட்ட மரத்துக்குக் கங்காணி அப்படிச் சத்தம் போட்டதற்குக் காரணம் இருந்தது.

மரத்தைக் கொல்லாமல், பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ரிட்லி சோதித்துச் சொன்னார். கேம்பியம் பிழைத்தால் பட்டை திரும்பும் என்பதில்தான் அந்த முறை முழுவதும் நிற்கிறது. பக்கத்தில் கோலகங்சாரில் 1877ல் நட்ட மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது, ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, கேம்பியமே கிடையாது. அதனால் அதன் தண்டில் பட்ட வெட்டுக்காயம் பால்மரம் மாதிரி மூடுவதில்லை.

இனிப்பு நீர் உள்ளவங்களுக்கு மட்டும் புண்ணு ஏன் ஆறவே மாட்டேங்குது?

காயம் பட்டதும் ரத்தத் தட்டுகள் அங்கே குவிந்து வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டும். ஜி0வில் ஒதுங்கியிருந்த தோல் செல்களும் தோலுக்கு அடியில் நார் உண்டாக்கும் செல்களும் அதைக் கேட்டு வேலைக்கு இறங்கும். புது ரத்தக்குழாய் முளைக்கும், ஓரத்திலிருந்து தோல் நகர்ந்து வந்து மூடும். நல்ல உடம்பில் சின்னக் கீறல் சில நாளில் சரியாகிவிடும்.

இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, பல வருடம் கட்டுக்கடங்காமல் இருந்தால் இந்த ஏற்பாடு பல இடத்தில் அடைபடுகிறது. ரத்தக்குழாய் சுருங்குவதால் சாப்பாடும் பிராணவாயுவும் போய்ச் சேருவதில்லை. புண்ணில் வீக்கம் அடங்காமல் நீடித்து, வந்த வளர்ச்சிக் காரணிகளையே நொதிகள் அரித்துவிடுகின்றன. செல் கூப்பிடுவதற்குக் காத்திருக்கிறது, கூப்பிடும் குரல் போய்ச் சேரவில்லை. இதோடு நரம்பு மரத்துப்போவதால் கால் புண்ணானதே பலருக்குத் தெரிவதில்லை. மலேசியாவில் இந்த நோய் நம் இந்தியர்களிடம்தான் விகிதத்தில் அதிகம். தினமும் ராத்திரி பாதத்தையும் விரல் இடுக்கையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், கண் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். வெறுங்காலோடு தோட்டத்துக்குள் இறங்க வேண்டாம். சின்னப் புண்ணாக இருக்கும்போதே கிளினிக்கில் காட்டினால் விரல் தப்பும்.

புண்ணு மூடுனதும் போதும்னு செல்லுக்கு எப்படித் தெரியுது?

சுற்றிலும் பக்கத்து செல் தொட்டுவிட்டால் தோல் செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்தாலும் ஓர் அடுக்கு நிரம்பியதும் நின்றுவிடும். சிலருக்குக் காது குத்திய இடத்திலோ அம்மை குத்திய இடத்திலோ தழும்பு புடைத்து வளர்கிறதே, அங்கே தோலுக்கு அடியில் நார் உண்டாக்கும் செல்கள் நிறுத்தும் செய்தியைச் சரியாகக் கேட்கவில்லை. கறுத்த தோலில் இது கூடுதலாக வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் புற்றுநோய் இல்லை.

ஈரலை வெட்டிக் குடுத்தா திரும்ப வளருதாம். கை மட்டும் ஏன் வளர்றதில்ல டீச்சர்?

ஈரல் தானம் கொடுத்தவரின் மிச்ச ஈரல் சில மாதத்தில் ஏறக்குறைய பழைய அளவை எட்டும். வெட்டிய மடல் அதே வடிவில் முளைப்பதில்லை. மிச்சம் இருப்பதே பெருத்து ஈடுகட்டும். வேண்டிய அளவு வந்ததும் நின்றும்விடும். உறுப்பு எவ்வளவு பெரிதாகலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் புரதத் தொடர் ஒன்றை ஈக்களில் கண்டுபிடித்தார்கள், நமக்குள்ளும் அது உண்டு. அந்தத் தொடரை எலியின் ஈரலில் முடக்கினால் ஈரல் அளவு மீறிப் பெருத்துப் பின்னால் கட்டியும் வருகிறது.

கை என்பது எலும்பு, தசை, நரம்பு, தோல் எல்லாம் சரியான இடத்தில் சரியான ஒழுங்கில் வர வேண்டிய சமாச்சாரம். பல்லி வாலை முளைக்க வைக்கும், நாம் அவசரமாகத் தழும்பு போட்டு மூடிவிடுகிறோம். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் விரல் நுனி, நகத்தின் அடிவேர் தப்பியிருந்தால், சில சமயம் திரும்ப வளரும்.

கட்டின்னாலே கேன்சர்தானா?

இல்லவே இல்லை. தோலுக்கு அடியில் மெத்தென்று உருளும் கொழுப்புக் கட்டி, பெண்களுக்கு வரும் கர்ப்பப்பை நார்க்கட்டி, மச்சம், இவையும் செல்கள் தேவைக்கு மேல் பெருகியவைதான். ஆனால் இருக்கிற இடத்திலேயே இருக்கும். நார்க்கட்டி பெண்களின் ஹார்மோன்களைக் கேட்டு வளர்கிறது, மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கும். பக்கத்துத் திசுவைத் துளைத்துப் போவதும், ரத்தத்திலோ நிணநீரிலோ ஏறி வேறு இடத்தில் குடியேறுவதும்தான் புற்றுநோயைப் பிரித்துக் காட்டும். தடவிப் பார்த்தே எது என்று நீங்களோ நானோ சொல்ல முடியாது. வலிக்காத கட்டி என்பதால் அலட்சியமாக இருப்பவர்கள்தான் அதிகம், தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள்.

அப்போ கேன்சர் செல்லு மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது? என்ன பாவம் பண்ணோம்?

பாவம் எதுவும் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. போன பிறவி வினை, கண் திருஷ்டி, யாரோ வைத்த செய்வினை என்று நம் வீடுகளில் நோயாளியின் மனதைப் போட்டு வதைக்கிறார்கள்.

யாரு சொல்றது என்ற கேள்விக்குச் சொன்னதைத் திரும்பப் பாருங்கள். செல் பிரியப் பல அனுமதிகள் தேவை. புற்றுநோய் செல்லில் அவை ஒவ்வொன்றாகக் கெட்டிருக்கும். ராஸ் ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறினால், வெளியே யாரும் கூப்பிடாமலே உள்ளே கூப்பிட்டது போலச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். ஆர்பி போனால் ஜி1 சோதனை போயிற்று. பி53 போனால் பழுதான டிஎன்ஏவோடு செல் பிரியும், சாகச் சொல்லவும் ஆளில்லை. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் பி53 பழுதாகியிருக்கிறது.

தடுக்கும் ஜீன்கள் நமக்கு இரண்டிரண்டு உண்டு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பொதுவாக இரண்டும் கெட்டால்தான் ஆபத்து. குழந்தைகளுக்கு வரும் கண் புற்றுநோயை வைத்து ஆல்பிரட் நட்சன் 1971ல் இதைக் கணக்கிட்டுச் சொன்னார். ஒன்று பிறவியிலேயே கெட்டுப் பிறந்த பிள்ளைக்குச் சீக்கிரமே, பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வருகிறது. படம் எடுக்கும்போது குழந்தையின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் உடனே காட்டுங்கள்.

இப்படிப் பல பழுதுகள் ஒரே செல் வரிசையில் சேர வருடங்கள் ஆகும். அதனால்தான் பெரும்பாலான புற்றுநோய்கள் வயதானவர்களுக்கு வருகின்றன. சில பழுதுகள் புகையாலும் வெயிலாலும் கிருமியாலும் வருகின்றன, சில நகலெடுக்கும்போது தற்செயலாக விழுகின்றன. ஒழுக்கமாக வாழ்ந்தவருக்கும் வரலாம்.

பாட்டி காலத்திலேர்ந்து வெத்தல பாக்கு போடறோம். அதுல என்ன வந்துடப் போகுது?

பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல் முடிவாக வகைப்படுத்தியது. புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியப் பெண்களிடம் கூடுதலாக இருப்பதற்கு இந்தப் பழக்கம் பெரிய காரணம்.

கன்னத்தில் அடக்கி வைக்கும் பாக்கும் சுண்ணாம்பும் அங்கே தோலைப் புண்ணாக்கிக்கொண்டே இருக்கும். ஆற்றுவதற்காக அடியிலிருக்கும் செல்கள் திரும்பத் திரும்பப் பிரிய வேண்டிவரும், அதே நேரத்தில் பாக்கிலிருந்து வரும் பொருள்கள் டிஎன்ஏவைக் கெடுக்கும். பிரியும் ஒவ்வொரு முறையும் பழுது நிரந்தரமாகும் வாய்ப்பு. வாயில் அழியாத வெள்ளைப் படை, சிவப்புப் படை, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாயைப் பழையபடி அகலத் திறக்க முடியாமை, இதில் எது இருந்தாலும் அரசாங்கப் பல் கிளினிக்கிலேயே காட்டலாம். தாம்பூலம் சாமிக்கு வைப்பதில் ஒரு குறையும் இல்லை. வாயில் அடக்குவதை விட்டுவிடுங்கள்.

ஸ்கூல்ல பொம்பளப் பிள்ளைங்களுக்குப் போடற ஊசி கேன்சரைத் தடுக்குமா? எப்படி?

தடுக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே ஹெச்பிவி என்ற வைரஸால் வருகிறது. அந்த வைரஸிடம் தன்னை நகலெடுத்துக்கொள்ளும் சாமான் இல்லை, செல்லின் சாமானைத்தான் பயன்படுத்த வேண்டும். அதனால் சும்மா இருக்கும் செல்லை வேலைக்கு இழுக்கிறது. அதன் ஒரு புரதம் பி53ஐ அழிக்கிறது, இன்னொன்று ஆர்பியை முடக்குகிறது. மேலே சொன்ன இரண்டு பெயர்களும் ஒரே அடியில் போய்விடுகின்றன. 1951ல் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியிடமிருந்து எடுத்த புற்றுநோய் செல்கள் இன்றும் ஆய்வுக்கூடங்களில் பிரிந்துகொண்டிருப்பதற்கு இந்த வைரஸின் ஒரு வகைதான் காரணம்.

வைரஸ் உள்ளே போகுமுன் தடுக்கத்தான் இளவயதிலேயே ஊசி. மலேசியாவில் 2010ல் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போட ஆரம்பித்தார்கள். சம்மதக் கடிதம் வந்தால் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைப்பேற்றுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சீனியை அறவே நிறுத்துனா கட்டி பட்டினி கிடந்து செத்துடுமா?

சாகாது. புற்றுநோய் செல் குளுக்கோஸைக் கூடுதலாக இழுக்கிறது என்பது உண்மை, ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்தார். ஆனால் நீங்கள் சீனியை விட்டாலும் ஈரல் ரத்தத்தில் குளுக்கோஸைச் சேர்த்துக்கொண்டேதான் இருக்கும், இல்லாவிட்டால் மூளை ஓடாது. சிகிச்சை நடக்கும்போது சோற்றையும் பழத்தையும் நிறுத்திவிட்டு இளைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி இளைத்தால் மருந்தைத் தாங்க உடம்பில் தெம்பு இருக்காது. சீனியைக் குறைப்பது இனிப்பு நீருக்கும் உடல் பருமனுக்கும் நல்லது. அதிக எடை பலவகைப் புற்றுநோய்களுக்கு வழிவிடுகிறது. அந்தக் காரணத்துக்காகக் குறையுங்கள்.

கோயில் பக்கத்துல நித்திய கல்யாணி பூத்துக் கிடக்கு. அதுலதான் கேன்சர் மருந்தாம், அவிச்சுக் குடிக்கலாமா?

குடிக்கவே கூடாது. மருந்து அதிலிருந்து வந்தது என்பது சரி. 1950களில் கனடாவில் இந்தச் செடி இனிப்பு நீருக்கு உதவுமா என்று சோதித்தபோது, எலிகளின் வெள்ளை அணுக்கள் சரிந்ததைக் கவனித்தார்கள். அப்படிக் கிடைத்தவைதான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின். குரோமோசோம்களை இழுக்கும் இழை உருவாகவிடாமல் இவை தடுக்கும். எம் கட்டத்தின் நடுவில் நடக்கும் சோதனையில் செல் மாட்டிக்கொண்டு நின்று, கடைசியில் சாகும். பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் வின்கிரிஸ்டின் இன்றும் முக்கியமான மருந்து.

இலையில் அது மிகச் சொற்ப அளவில், வேறு பல நச்சுப் பொருள்களோடு கலந்திருக்கும். மருத்துவமனையில் மில்லிகிராம் கணக்கில், ரத்தம் சோதித்துச் சோதித்துக் கொடுப்பதை நாம் சட்டியில் அளக்க முடியாது. வேகமாகப் பிரியும் எந்த செல்லையும் இது தாக்கும். கீமோவில் முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் ரத்த அணு குறைவதும் அதனால்தான். முடிக்கால், குடல், மஜ்ஜை எல்லாமே ஓயாமல் பிரியும் இடங்கள். சிகிச்சை முடிந்ததும் முடி திரும்ப வளரும்.

யானைக்கு நம்மளவிட எத்தனையோ மடங்கு செல்லு. அப்போ அதுக்குத்தானே கேன்சர் நிறைய வரணும்?

ஐந்தாம் படிவத்துப் பையன் ஒருவன் கேட்டான், அருமையான கேள்வி. கணக்குப்படி வரத்தான் வேண்டும், ஆனால் யானைக்கு நம்மைவிடக் குறைவாகவே வருகிறது. 2015ல் வெளியான ஆய்வுகளில் ஒரு விடை கிடைத்தது: நம் ஜீன் தொகுதியில் பி53 ஜீன் ஓர் இடத்தில்தான் இருக்கிறது, ஆப்பிரிக்க யானைக்கு சுமார் 20 நகல்கள். டிஎன்ஏவைக் கெடுத்துப் பார்த்தபோது யானை செல்கள் பழுதோடு பிழைத்திருக்க முயலாமல் நம் செல்களைவிடச் சீக்கிரம் தம்மை அழித்துக்கொண்டன. ஒரு செல் போனால் இன்னொன்று வந்துவிடும்.

மாசம் முந்நூறு வெள்ளிக்கு ஸ்டெம் செல் பவுடர் விக்கிறாங்க. செல்லைப் புதுசாக்கி வயசைக் குறைக்குமாம்லா?

வாங்காதீர்கள். ஸ்டெம் செல் என்பது பிரிந்து தன்னையும் காத்துக்கொண்டு, வேறு செல்லையும் உண்டாக்கக்கூடிய உயிருள்ள செல். காய்ந்து பொடியானதில் உயிருள்ள செல் இருக்காது. இருந்தாலும் வயிற்று அமிலம் அதைக் கறியையும் பருப்பையும் செரிப்பது போலவே செரித்துவிடும். ரத்தப் புற்றுநோய்க்கு மஜ்ஜை மாற்றுவதுதான் பல்லாண்டாக நிரூபணமான ஸ்டெம் செல் சிகிச்சை. அது பெரிய மருத்துவமனையில் நடப்பது, பாக்கெட்டில் வருவதில்லை.

வயதைப் பற்றிச் சொன்னால், சாதாரண மனித செல் 40 முதல் 60 முறை போலப் பிரிந்துவிட்டு நின்றுவிடுகிறது என்று லெனார்ட் ஹேஃப்லிக் 1961ல் காட்டினார். பிரியும் ஒவ்வொரு தடவையும் குரோமோசோமின் நுனி கொஞ்சம் தேய்கிறது. நுனியைத் திரும்பக் கட்டும் டெலோமரேஸ் என்ற நொதி பெரும்பாலான செல்களில் அடங்கியிருக்கிறது. அதைத் தட்டி எழுப்பினால் இளமை வந்துவிடுமே என்று தோன்றும். ஆனால் பத்தில் ஒன்பது புற்றுநோய்கள் போல அந்த நொதியை எழுப்பிக்கொண்டுதான் ஓயாமல் பிரிகின்றன. செல் ஓரிடத்தில் நிற்பதும் நமக்குப் பாதுகாப்பு. பென்ஷன் பணத்தை அந்தப் பவுடருக்குக் கொடுத்துவிட்டு இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். எனக்கு மனம் கொதிக்கிறது.

குளோன் செம்பனைக் கன்னு நட்டாங்க, சில மரத்துல காய் வெடிச்சு விரல் விரலா வந்துச்சு. அதுவும் செல்லு கோளாறா?

இதைக் கேட்டவர் நாற்றங்காலில் வேலை செய்யும் ஒரு மாணவியின் அப்பா. கோளாறு செல்லில்தான், ஆனால் பிரிவது கெட்டுப்போகவில்லை. நல்ல மரத்தின் இளம் ஓலையைத் துண்டு போட்டு, ஆக்சின் என்ற தாவர ஹார்மோன் கலந்த ஊட்டத்தில் வைப்பார்கள். ஓலையாக இருந்த செல்கள் சும்மா இருப்பதை விட்டுப் பிரிய ஆரம்பித்து, உருவமில்லாத ஒரு கொத்தாகும். அதிலிருந்து முழுக் கன்றுகளை எடுப்பார்கள். ஜீன்கள் தாய் மரத்துடையவையே, எழுத்து மாறுவதில்லை.

ஆனால் எந்த ஜீன் எங்கே அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு டிஎன்ஏ மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறிகள் ஒட்டியிருக்கும். செல் பிரியும்போது அவற்றையும் நகலெடுக்க வேண்டும். அந்தக் கொத்தாக இருக்கும் கட்டத்தில் சில கன்றுகளில் குறிகள் உதிர்ந்துவிடுகின்றன. பூவை உருவாக்கும் ஒரு ஜீனுக்குள் இருக்கும் கர்மா என்ற டிஎன்ஏத் துண்டு தன் குறிகளை இழந்தால், ஆண் பாகமாக வர வேண்டியது பெண் பாகம் போலக் கூடுதல் மடல்களாக வந்துவிடுகிறது. நீங்கள் பார்த்த விரல்கள் அவைதான். எண்ணெய் குறைகிறது, பல காய்கள் உருப்படாமல் போகின்றன. மலேசியச் செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் வெளிநாட்டவர்களோடு சேர்ந்து இதை 2015ல் கண்டுபிடித்தார்கள்.

முன்பு நட்டுக் காய்க்கும்வரை இரண்டு மூன்று வருடம் காத்திருந்தால்தான் தெரியும். இப்போது கன்றாக இருக்கும்போதே ஓலையில் சின்னத் துண்டு எடுத்து, அந்த இடத்தில் குறி இருக்கிறதா என்று சோதிக்க முடியும். அடுத்த முறை குளோன் கன்று வரும்போது, சோதித்து அனுப்பியதா என்று நாற்றங்கால் மேலாளரிடம் கேளுங்கள்.